புதிய ஆர்கிட்டோடு வீடு வந்து சேர்ந்த மாவுப்பூச்சி

இரண்டு பூத்தண்டுகளோடு பூத்துக் குலுங்கிய ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்கிட்டை வாங்கிவந்த அன்று, ஏற்கெனவே என்னிடம் இருந்த ஆறு ஆர்கிட் தொட்டிகளுக்கு நடுவே, இலையோடு இலை உரசும் நெருக்கத்தில் அதை வைத்தேன். பூவின் நிறத்தைப் பார்த்த கண், இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாள் அவசரத்தைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் பிடித்தன. இடையில் ஒரு செடியை இழந்தேன், இன்னொரு செடியின் இலைகளை நானே கருக்கினேன்.

முதல் அறிகுறி கண்ணில் படவில்லை, விரலில்தான் பட்டது. பத்தாம் நாள் கீழ் இலையைத் துடைக்கப் போனபோது அதன் மேற்பரப்பு பிசுபிசுத்தது. ஆர்கிட்டுகள் பூவுக்கு வெளியேயும் தேன் சுரப்பவை. மொட்டின் அடியிலும் பூத்தண்டின் கணுக்களிலும் கண்ணாடி மணிபோலத் தெளிந்த துளிகள் நிற்பது நோயல்ல என்பதை முன்பே அறிந்திருந்தேன். அந்த அரைகுறை அறிவே என்னை மேலும் நான்கு நாள்கள் சும்மா இருக்க வைத்தது. செடி சுரக்கும் தேன், சுரந்த இடத்திலேயே துளியாக நிற்கும். சாறு உறிஞ்சும் பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவோ மேலிருந்து தூறல் விழுந்ததுபோல இலைப்பரப்பு முழுவதும் சிறு சிறு புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். விட்டுவைத்தால் அதன்மீது புகைக்கரி தடவியதுபோலக் கரும்பூசணம் படரும். என் செடியில் இருந்தது இரண்டாவது வகை. இலை பிசுபிசுத்தால் அந்த இலையை ஆராய்வதைவிட, அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பதே பயன் தரும்.

எனக்கு வழிகாட்டியவை எறும்புகள். பூத்தண்டைத் தாங்க ஊன்றியிருந்த குச்சியில் ஒரு மெல்லிய வரிசை மேலேறிச் சென்று, பாதியில் தண்டுக்குத் தாவி, ஒரு கணுவை ஒட்டி மறைந்துகொண்டிருந்தது. அதே எறும்புகளில் சில, மேலிருந்து இரண்டாவது இலை தண்டோடு சேரும் கக்கத்திலும் நுழைந்து வெளிவந்தன. இலையை மெல்ல விலக்கிப் பார்த்தபோது, பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோல ஒரு வெண்மை தெரிந்தது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வழியே பார்த்தபோது அந்தப் பஞ்சு உயிர் பெற்றது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள நீள்வட்ட உடல்கள். மாவில் புரட்டி எடுத்ததுபோல மேலே வெண்பொடி. பொடிக்கு அடியில் இளஞ்சிவப்புச் சாயல். உடலின் ஓரத்தைச் சுற்றி மெழுகு இழைகள். பின்புறத்தில் உடலளவுக்கு நீண்ட இரண்டு வால்கள். நீள்வால் மாவுப்பூச்சி எனப்படும் இனம் இது. பெரிய பூச்சிகளுக்கு நடுவே, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் நிறக் குஞ்சுகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மீது இன்னும் மெழுகு படியவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்தக் குஞ்சுகள்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மாவுப்பூச்சிக்கு எதிரான முதல் ஆயுதம், காயத்தைத் துடைக்கப் பயன்படும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இது பூச்சியின் மெழுகுப் போர்வையைக் கரைத்து உடலை உலர்த்திக் கொன்றுவிடும். இன்னும் செறிவான ஆல்கஹால் நல்லது என்று தோன்றும். ஆனால் அது மிக விரைவில் ஆவியாகிவிடுவதால் பூச்சியின் மேல் தங்கி வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு பூச்சியையும் தொட்டேன். தொட்ட கணமே வெண்மை கரைந்து, அடியில் இருந்த உடல் பழுப்பாகச் சுருங்கியது. அதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு மணி நேரத்தில் செடி முழுவதையும் துடைத்து முடித்து, வேலை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

துடைத்த பன்னிரண்டாம் நாள் அதே இலைக்கக்கத்தில் அதே பஞ்சு இருந்தது.

இந்த இரண்டாம் வரவுதான் எனக்குப் பாடம் கற்பித்தது. ஆல்கஹால் தான் தொட்டதை மட்டுமே கொல்லும்; நான் தொட்டதோ என் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே. ஆகவே இம்முறை பூச்சியைத் தேடுவதை விட்டு, பூச்சி ஒளியக்கூடிய இடங்களைத் தேடினேன். ஃபெலனாப்சிஸின் பூத்தண்டில் ஒவ்வொரு கணுவையும் முக்கோண வடிவத்தில் ஒரு மெல்லிய செதில் தண்டோடு ஒட்டி மூடியிருக்கும். ஊசிமுனையால் அதைத் தூக்கிப் பார்த்தேன். முதல் கணுவில் ஒன்றுமில்லை. எறும்புகள் மறைந்த அந்தக் கணுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழு பூச்சிகள் இருந்தன. தண்டையும் குச்சியையும் சேர்த்துப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவ்விக்குள் மூன்று. பூவின் பின்புறம், இதழ்கள் காம்போடு சேரும் பள்ளத்தில் இரண்டு. காய்ந்துபோன கீழ் இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறைபோல நின்றது. அதை உரித்தபோது ஒரு குடும்பமே வெளிப்பட்டது. பூத்தண்டுகள் இரண்டையும் அடியோடு வெட்டிவிட்டேன். பூக்கள் இன்னும் பல வாரங்கள் நின்றிருக்கும் என்பதால் மனம் வரவில்லைதான். ஆனால் கணுக்கள், கவ்விகள், இதழ்ப் பள்ளங்கள் என்று அத்தனை மறைவிடங்களையும் வாரந்தோறும் சோதிப்பதைவிட அவற்றை ஒரேயடியாக அகற்றுவது எளிது. வெட்டிய தண்டுகளைக் கழுவி நீரில் நிறுத்தி, செடிகள் இல்லாத இன்னோர் அறையில் வைத்தேன். பூக்கள் அங்கும் பல நாள்கள் வாடாமல் நின்றன.

அடுத்து, செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். பூத்திருக்கும் ஆர்கிட்டை மாற்றி நடக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. பூச்சி இருக்கும்போது அந்த அறிவுரையைப் பின்பற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேர்களின் நடுவில், செடி நாற்றாக இருந்த காலத்தில் வைக்கப்பட்ட ஸ்பாக்னம் பாசி உருண்டை ஒன்று அப்படியே இருந்தது. வெளியே மரப்பட்டைத் துண்டுகள் உலர்ந்திருக்க, உள்ளே அந்த உருண்டை மட்டும் நைந்து ஈரமாக இருந்தது. அதைப் பிரித்தபோது வேர்களின் மீதும் தொட்டியின் உட்சுவரிலும் வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தன. இங்கே ஒருவர் எளிதில் ஏமாறலாம். உரத்தின் உப்பும் வெள்ளையாகவே படியும். ஆர்கிட் வேரின் பஞ்சுபோன்ற மேலுறையும் உலர்ந்த நிலையில் வெள்ளி நிறத்தில்தான் இருக்கும். ஒரு துளி ஆல்கஹாலைத் திட்டின் மேல் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். உப்பு மணல்போல நறநறத்து அப்படியே நிற்கும். மாவுப்பூச்சியின் மெழுகு கரைந்து, உடல் வெளியே தெரியும். என் தொட்டியில் இரண்டும் இருந்தன. தொட்டியின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்த சிறு இடுக்கிலும், அடியில் உள்ள வடிகால் துளைகளின் ஓரத்திலும் பூச்சிகள் ஒட்டியிருந்தன.

பழைய பாசியையும் பட்டையையும் ஒரு பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினேன். வேர்களைக் குழாய்நீரில் கழுவி, அழுத்தினால் உள்ளீடற்று நசுங்கிய வேர்களை வெட்டிவிட்டு, உறுதியானவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். தொட்டியை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் தேய்த்துக் கழுவினேன். குச்சியையும் கவ்விகளையும் எறிந்தேன். பச்சையாக நீண்டுகொண்டிருக்கும் வேர்நுனிகளில் ஆல்கஹால் படக்கூடாது என்பதை, இரண்டு நுனிகள் கறுத்த பிறகே அறிந்தேன். ஃபெலனாப்சிஸுக்குக் குருத்து ஒன்றே ஒன்று. கழுவிய நீர் அதற்குள் தேங்கினால் நடுக்குருத்து அழுகி, பூச்சி செய்யாத கேட்டை நாமே செய்துவிடுவோம். செடியைக் கவிழ்த்துப் பிடித்து நீரை வடியவிட்டு, எஞ்சியதை மெல்லிய தாளின் முனையால் ஒற்றி எடுத்த பிறகே புதிய மரப்பட்டையில் நட்டேன்.

அதன்பின் செய்ததெல்லாம் நாள்காட்டியைப் பார்த்துச் செய்த வேலை. மாவுப்பூச்சிகளில் சில இனங்கள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நீள்வால் இனம் குஞ்சுகளாகவே ஈனும். எப்படியானாலும், இன்று நம் கண்ணுக்குத் தப்பும் அளவில் இருக்கும் ஒன்று அடுத்த வாரம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாதங்களுக்குள் தானே இனம்பெருக்கும். எனவே அவை வளர்ந்து பெருகுவதற்குமுன் அடுத்த சுற்று வந்துவிட வேண்டும். ஏழு நாள்களுக்கு ஒருமுறை என்று முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் எத்தனை பூச்சிகளை எங்கே கண்டேன் என்று குறித்து வைத்தேன். முதல் வாரம் பதினொன்று, இரண்டாம் வாரம் நான்கு, மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை, நான்காம் வாரம் இரண்டு. அந்த மூன்றாம் வாரப் பூஜ்யத்தை நம்பி நிறுத்தியிருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். தொடர்ந்து ஆறு வாரங்கள் ஒன்றும் தென்படாத வரை அந்தச் செடி மற்றவற்றோடு சேரவில்லை.

இதற்கிடையே, புதிய செடிக்குப் பக்கத்தில் இருந்த கேட்லியா என்ற ஆர்கிட்டில் வெண்மையான திட்டுகளைக் கண்டு, அதுவும் மாவுப்பூச்சிதான் என்று ஆல்கஹாலால் துடைத்துவந்தேன். அது வேறு பூச்சி. பிசுபிசுப்பே இல்லாதது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தபோது, பருத்திபோலத் தெரிந்த திரளுக்கு அருகில், வட்டமான, வெளிறிய மஞ்சள் நிறத் தகடுகள் இலையோடு ஒட்டிக்கிடந்தன. நகத்தால் ஒரு தகட்டைப் புரட்டினேன். மூடி மட்டும் கழன்று வர, அடியில் மென்மையான பூச்சி தனியே இருந்தது. ஆர்கிட்டுகளில், சிறப்பாகக் கேட்லியாவில், அடிக்கடி காணப்படும் பாய்டுவால் செதில் பூச்சி அது. பருத்திபோன்ற திரள் அதன் ஆண்களுடையது. ஓடு வேறு, பூச்சி வேறு எனத் தனித்தனியாகக் கழலும் செதில் பூச்சிகள் இனிப்புக் கழிவை வெளியேற்றுவதில்லை. ஓடு உடலோடு ஒன்றியிருக்கும் பழுப்பு நிற மென்செதில் பூச்சிகள் வெளியேற்றும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும். கடின ஓட்டுக்குள் இருப்பதைத் தெளிப்பு மருந்து எளிதில் எட்டாது. எனவே நெகிழ்வான பழைய பல் தூரிகையைக் கொண்டு ஓட்டைப் பெயர்த்தெடுத்த பிறகே ஆல்கஹாலோ எண்ணெயோ தடவ வேண்டும். கேட்லியாவின் போலிக்குமிழ்களை, அதாவது நீரைச் சேமிக்கும் தடித்த தண்டுகளைச் சுற்றிக் காகிதம்போல உலர்ந்து நிற்கும் உறைகளை உரித்தபோதுதான் எனக்கு முழுக் கணக்கும் தெரிந்தது. இந்தச் செதில் பூச்சி புதிய செடியோடு வந்ததா, முன்பே என் செடியில் இருந்ததா என்பதை நான் தீர்மானிக்க இயலவில்லை. விற்றவர்மேல் பழி போடுவதற்கு என்னிடம் சான்று இல்லை.

மற்ற பூச்சிகளை இனங்காணும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசுவினி இளம் மொட்டுகளிலும் பூத்தண்டின் நுனியிலும் கூட்டமாக இருக்கும். மறைந்து வாழத் தெரியாதது, நீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். இலைப்பேன் இருந்தால் இதழ்களில் வெளிறிய கீறல்களும் பழுப்பு ஓரங்களும் தோன்றும். வெள்ளைத் தாளின்மேல் பூவைத் தட்டினால், கோடுபோன்ற மெலிந்த பூச்சிகள் விழுந்து ஓடும். இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல வெளுத்து, நுண்ணிய குழிகள் தெரிந்தால் சிலந்திப்பேனை ஐயுற வேண்டும். ஈரமான வெள்ளைத் தாளால் இலையின் அடியைத் துடைத்துப் பார்த்தால், செம்பழுப்புக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆர்கிட்டைத் தாக்கும் சில வகைகள் வலையே பின்னுவதில்லை என்பதால், வலை இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. சிலந்திப்பேன் பூச்சியினமே அன்று, எட்டுக் கால்கள் உடையது. பூச்சிக்கொல்லிகள் பல அதனிடம் பயனற்றுப்போவதற்கு இதுவே காரணம். நீர் ஊற்றும்போது துள்ளி எழும் வால்தாவிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை மட்கியதைத் தின்பவை, பட்டை நைந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவிப்பவை.

இனி, நான் இலைகளைக் கருக்கிய கதை. ஆல்கஹாலோடு சேர்த்து வேப்பெண்ணெயும் தெளிக்கலாம் என்று, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளிகள் மென்மையான திரவ சோப்பும் கலந்தேன். எண்ணெய், பூச்சியின் சுவாசத் துளைகளை அடைத்துக் கொல்வது. ஆகவே இலையின் இருபுறமும் நனைய வேண்டும். அந்த அளவில் தவறில்லை, நேரம்தான் தவறு. காலையில் தெளித்துவிட்டுச் செடியைச் சன்னல் ஓரத்தில் வைத்தேன். மாலைக்குள் வெயில் பட்ட இரு இலைகளில் வெந்ததுபோன்ற திட்டுகள் விழுந்தன. அவை ஆறவே இல்லை. எண்ணெய் தெளித்தால் மாலையில் தெளிக்க வேண்டும், உலரும்வரை நேரடி வெயில் கூடாது, நீரின்றி வாடிய செடியில் தெளிக்கவே கூடாது. பாத்திரம் துலக்கும் சோப்பை அள்ளி ஊற்றும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. அது பூச்சியின் மெழுகோடு இலையின் மெழுகையும் அரித்துவிடும். எதைத் தடவினாலும் முதலில் ஓர் இலையின் மூலையில் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

வேர்வழி ஊடுருவிப் பாயும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளைப் பலரும் பரிந்துரைப்பார்கள். மாவுப்பூச்சிக்கும் மென்செதில் பூச்சிக்கும் அவை வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் கடின ஓட்டுச் செதில் பூச்சியிடம் இமிடாகுளோபிரிட் எடுபடுவதில்லை. சிலந்திப்பேனை அது கொல்வதுமில்லை. தேனீக்களுக்கு அது தரும் கேட்டின் காரணமாக, அதை வெளிப்புறப் பயிர்களில் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. ஏழு தொட்டிகள் வைத்திருக்கும் ஒருவருக்குப் பஞ்சுக்குச்சியே போதும் என்பது என் கருத்து. நூறு தொட்டிகள் வைத்திருப்பவர் வேறு முடிவெடுத்தால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டும் உண்டு. அதன் புழு வெண்மெழுகு போர்த்தி, பார்ப்பதற்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாமல் நண்பனையே துடைத்தெறிந்தவர்கள் இருக்கக்கூடும். பசுமைக்குடில்களுக்கு ஏற்ற அந்த வண்டு, ஒரு சன்னல் ஓரத்துச் செடிகளை நம்பி நம்மோடு தங்காது.

நான் இழந்த செடி ஒரு சிறிய டென்ட்ரோபியம் ஆர்கிட். வேரிலும் உறைகளிலும் பூச்சி புகுந்து, இலை உதிர்ந்து, இரண்டு தண்டுகள் மட்டும் நின்ற நிலையில் அதை அப்புறப்படுத்தினேன். அதைக் காப்பாற்றும் முயற்சியில் மற்ற ஆறையும் பணயம் வைக்க விரும்பவில்லை. அதன் வேரை வெட்டிய கத்தரியை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகவும் இல்லை. ஆர்கிட்டுகளைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் முதலியவை வெட்டுக்கருவியின் சாறு வழியே பரவுபவை, அவற்றுக்கு மருந்தில்லை, ஆல்கஹாலில் துடைப்பது அவற்றை நம்பகமாக அழிப்பதுமில்லை. கத்தரியின் அலகை நெருப்பில் காட்டிச் சுடவைத்து ஆறவிட்ட பிறகே பயன்படுத்துகிறேன். அப்போது ஆல்கஹால் புட்டி வேறு அறையில் இருக்கும், அது தீப்பற்றக்கூடியது.

சென்ற மாதம் மீண்டும் ஓர் ஆர்கிட் வாங்கினேன். வாங்கும்முன்பே கடையில் நின்றபடி இலைகளின் அடிப்புறத்தையும், கக்கங்களையும், பூக்களின் பின்புறத்தையும் பார்த்தேன். பூத்தண்டின் கவ்விகளைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது விற்பவர் சற்று வியப்போடு சம்மதித்தார். வீட்டுக்கு வந்த அன்றே தொட்டியிலிருந்து எடுத்து, நடுவில் இருந்த பாசி உருண்டையைப் பிரித்து, புதிய பட்டையில் நட்டு, மற்ற செடிகள் இல்லாத அறையில், வந்த தேதியை எழுதிய சீட்டோடு வைத்திருக்கிறேன். நீர் ஊற்றும்போது அந்தச் செடிக்குக் கடைசியாகத்தான் ஊற்றுகிறேன். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றவற்றிடம் போவதில்லை. மூன்றாம் வாரச் சோதனையில், இரண்டாவது கணுவின் செதிலுக்கு அடியில், மெழுகு படியாத ஒரே ஒரு மஞ்சள் குஞ்சு இருந்தது. பஞ்சுக்குச்சியால் தொட்டுவிட்டு, சீட்டில் இருந்த தேதியை அடித்து அன்றைய தேதியை எழுதினேன். அதற்கான ஆறு வாரங்கள் அன்றிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கின்றன.